சிங்கப்பூர் – ஜகார்த்தா, ஐம்பது நிமிடம்

20 ஜனவரி 2025, திங்கள்

தென்காசி வண்டி இன்றும் தாமதம். டிரைவர் வல்லரசு வழக்கம்போல ரயில்வே கேட்டைக் காரணம் சொன்னான். “கேட்டு மேல பழியைப் போடாதலே, அதுவா உன்னை டீக்கடையில நிப்பாட்டுச்சு?” என்றேன். சட்டையில் வடை எண்ணெய் இருந்ததை அவன் கவனிக்கவில்லை. புறப்பாடு, வருகை, தாமதம் என்று மூன்று கட்டங்களையும் நிரப்பிக் கையெழுத்து வாங்கிக்கொண்டுதான் விட்டேன்.

“காளிராஜண்ணே, நீங்க ரிட்டையர் ஆகிற அன்னைக்கு எல்லா டிரைவரும் சேர்ந்து அய்யனார் கோவிலுக்குப் பொங்கல் வைக்கப் போறோம்” என்கிறான். வைக்கட்டும். ராஜபாளையம் பஸ் ஸ்டாண்டில் டைம் கீப்பராக உட்கார்ந்து முப்பது வருஷமாகிறது. ஒரு நிமிடத்தைக்கூட எவனுக்கும் தள்ளுபடி செய்ததில்லை. அக்டோபர் வரைக்கும் இந்தப் பயல்களுக்கு விடிவு கிடையாது.

பொங்கலுக்கு வந்திருந்த மகள் செல்வி சிங்கப்பூர் போய்ச் சேர்ந்துவிட்டாள். வீடு வெறிச்சென்று இருக்கிறது. என் வீட்டுக்காரி பொன்மணி எங்கள் இரண்டு பேருக்கு நாலு பேர் சாப்பிடுகிற மாதிரி குழம்பு வைத்துவிட்டு, என்னைத் திட்டுகிறாள்.

26 ஜனவரி, ஞாயிறு

செல்விக்கு அந்தப் பையனைப் பிடித்திருக்கிறதாம். பொன்மணியிடம்தான் சொன்னாள். என்னிடம் சொல்ல வெட்கம்.

பையன் வினோத். ஸ்ரீவில்லிபுத்தூர்க்காரன். ஜகார்த்தா பக்கம் ஒரு நூல் மில்லில் ஸ்பின்னிங் மாஸ்டர். பொங்கல் லீவில் ஆண்டாள் கோவிலில் வைத்து இரண்டு பேரும் பார்த்துக்கொண்டார்கள். நாங்கள் பெரியவர்கள் மரியாதையாகக் கொஞ்சம் தள்ளி நின்றோம். அவன் ஏதோ சொல்ல, என் மகள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். அப்போதே தெரிந்துவிட்டது.

சிக்கல் ஒன்றுதான். செல்வி சிங்கப்பூரில் நர்ஸ். ஜகார்த்தாவில் அந்த வேலை செய்ய அவர்கள் பாஷையில் பரீட்சை எழுத வேண்டுமாம். சிங்கப்பூர் வேலையை விட்டால் ஜகார்த்தாவில் வேலை இல்லை. “கட்டிக்கிட்டா அவியளைத்தான் கட்டிக்கிடுவேன். வேலையை மட்டும் விடமாட்டேன்மா” என்று சொல்லியிருக்கிறாள். ராத்திரி டியூட்டியும் பகல் டியூட்டியுமாக மாறி மாறிப் பார்த்து வாங்கிய இடம். அவள் ஏன் விட வேண்டும்?

மாப்பிள்ளைப் பையன் சரி என்கிறானாம். பெரியவர்கள் என்ன சொல்வார்களோ.

1 பிப்ரவரி, சனி

நாளைக்குக் கல்யாணப் பேச்சு. செல்வி போனில் ஒரு பிளேன் டிக்கெட் படம் அனுப்பியிருக்கிறாள். டிக்கெட் விலை ரொம்ப இல்லை என்று காட்டத்தான் அனுப்பினாள். என் கண் விலைக்கா போகும்? நேரத்துக்குத்தான் போனது.

சிங்கப்பூர் புறப்பாடு 4.05. ஜகார்த்தா வருகை 4.55.

ஐம்பது நிமிடம்! இங்கிருந்து மதுரைக்குப் போவதற்குள் மனுஷன் ஒரு தூக்கம் போட்டு எழுந்துவிடலாம். கடல் தாண்டி, நாடு தாண்டி, ஐம்பது நிமிடம். பிளேன் டிரைவர்களுக்கு வழியில் டீக்கடை இல்லாததுதான் காரணம் என்று நினைக்கிறேன்.

2 பிப்ரவரி, ஞாயிறு

முடிந்தது. பாக்கு வெற்றிலை மாற்றிவிட்டோம். நான்தான் முடித்துவைத்தேன் என்று பெருமையாகவே எழுதுகிறேன்.

வினோத்தின் அம்மா அழகுத்தாய் ஸ்ரீவில்லிபுத்தூர் கோர்ட்டில் கிளார்க். வீட்டுக்காரர், பையன் சின்ன வயதாக இருந்தபோதே இறந்துவிட்டார். அந்த அம்மாள் அதிகம் பேசாத ஆள். பேசியதெல்லாம் அவருடைய அண்ணன் கருத்தப்பாண்டி. சோழபுரத்தில் தென்னந்தோப்பு. தாய்மாமன் சம்மதிக்காமல் அந்த வீட்டில் பந்தக்கால் ஊன்ற மாட்டார்கள். மனுஷர் வெற்றிலையைத் தொடவே இல்லை.

“பொண்ணு வேலையை விட்டுட்டு எம் மருமகன் கூடப் போயி இருக்கட்டும். எம் பொண்டாட்டி ரெண்டு நாளு அவ அண்ணன் வீட்டுக்குப் போனா எனக்குச் சோறு இறங்காது. இவனுக்கு அங்கன யாரு இருக்கா?” என்றார்.

கோபமாகச் சொல்லியிருந்தால் பதிலுக்குக் கோபப்பட்டிருப்பேன். கண் கலங்கச் சொல்கிற ஆளிடம் என்ன செய்வது? பொன்மணி என் முழங்கையை இடித்தாள்.

“அண்ணாச்சி, அது அம்புட்டு தூரமில்ல. லீவு கிடைக்கிறப்பல்லாம் பிள்ளை போயிட்டு வந்திருவா” என்றேன்.

“பிளேன்ல எம்புட்டு நேரம்?”

“அம்பது நிமிஷம்.”

அவர் என்னைப் பார்த்தார். “நெசமாவா? சோழபுரத்துல இருந்து தேங்காய் லோடு சிவகாசி போறதுக்கே அதுக்கு மேல ஆகுதே.”

“முப்பது வருஷமா டயம் பார்க்கிறவன் சொல்லுதேன் அண்ணாச்சி.”

அவருக்கு ஒரு கணக்கு இருக்கிறது. ஒரு மணி நேரத்துக்குள் போய்ச் சேர்ந்தால் அது பக்கத்து ஊர். அதற்கு மேல் ஆனால் வெளியூர். பக்கத்து ஊரில் பொண்டாட்டி வேலை பார்த்தால் தப்பில்லை, வெளியூர் என்றால் கூடாது. “அப்ப பக்கத்து ஊருதான்” என்று சொல்லி வெற்றிலையை எடுத்துக்கொண்டார்.

அழகுத்தாய் என்னை ஒரு மாதிரி பார்த்துவிட்டு, காபி எடுத்து வர உள்ளே போய்விட்டார். சந்தோஷத்தில்தான் இருக்கும்.

3 பிப்ரவரி, திங்கள்

பஸ் ஸ்டாண்டில் எல்லோரிடமும் சொல்லியாயிற்று. பூக்காரம்மாவிடம் இரண்டு தடவை.

14 பிப்ரவரி, வெள்ளி

வினோத் இன்று சிங்கப்பூர் வருகிறான், செல்வியைப் பார்க்க. அவன் டிக்கெட்டையும் அனுப்பச் சொல்லி வாங்கிப் பார்த்தேன். எனக்கு எல்லாம் சரிபார்த்தாக வேண்டும்.

ஜகார்த்தா புறப்பாடு 6.00. சிங்கப்பூர் வருகை 8.50.

இதென்ன கூத்து? போக ஐம்பது நிமிடம், வர மூன்று மணி நேரமா? அதே வழி, அதே பிளேன் கம்பெனி. வல்லரசைக் கூப்பிட்டுக் காட்டினேன்.

“போறப்ப இறக்கம், வாறப்ப ஏத்தம்ணே” என்றான்.

“வானத்துல என்னலே ஏத்தம்?”

“அப்ப காத்து. ஆடி மாசம் புளியரைக் கணவாயில எதிர்காத்து அடிச்சா நம்ம வண்டி நகருதா?”

பஸ்ஸில் நியாயம்தான். ஆனாலும் எந்த எதிர்காற்று ஒரு வண்டியை இரண்டு மணி நேரம் பிடித்து நிறுத்தும்? அப்படி நிறுத்தினால் அது கீழே விழாதா? மனசு ஒரு நிலையில் இல்லை. மாப்பிள்ளை பத்திரமாக வந்து சேரட்டும்.

15 பிப்ரவரி, சனி

போச்சு.

செல்விக்குப் போன் போட்டுக் கேட்டேன். விழுந்து விழுந்து சிரிக்கிறாள். பக்கத்தில் வினோத் சிரிக்கிற சத்தமும் கேட்டது.

“அப்பா, இங்க நாலுன்னா ஜகார்த்தால மூணுதான்ப்பா. கிளம்புறது இந்த ஊர் நேரம், இறங்குறது அந்த ஊர் நேரம். போறப்ப ஒரு மணி நேரம் குறைஞ்சு தெரியும், வாறப்ப ஒரு மணி நேரம் கூடித் தெரியும்.”

“அப்ப உண்மையில எம்புட்டு நேரம்?”

“ரெண்டு பக்கமும் ஒரே நேரம்தான். ரெண்டு மணிக்குப் பத்து நிமிஷம் குறையும்.”

தூரமும் சொன்னாள். கிட்டத்தட்ட தொள்ளாயிரம் கிலோமீட்டர். இங்கிருந்து சென்னைக்குப் போய், திரும்பி வரும்போது பாதி வழி தாண்டி இறங்கிக்கொள்கிற தூரம். பக்கத்து ஊராம், பக்கத்து ஊர்!

சிங்கப்பூருக்கும் நமக்கும் நேரம் வேறு என்று எனக்குத் தெரியாதா? அவளுக்குப் போன் போடும்போதெல்லாம் இரண்டரை மணி கூட்டித்தானே போடுகிறேன். ஆனால் அங்கே போனபிறகு பக்கத்தில் இருக்கிற ஊருக்குமா வேறு நேரம்? கன்னியாகுமரியில் ஏறி காஷ்மீரில் இறங்கினாலும் நம் நாட்டில் ஒரே மணிதான். அந்த நினைப்பிலேயே இருந்துவிட்டேன்.

எவனெவனுக்கோ ஒரு நிமிஷத்தை விட்டுக்குடுக்காம சண்டை போட்டேன். எம் மக கல்யாணத்துல முழுசா ஒரு மணி நேரத்தைக் கோட்டை விட்டுட்டேனே. கருத்தப்பாண்டி அண்ணாச்சிக்குத் தெரிஞ்சா என்ன ஆகும்? ஒண்ணு வேலையை விடுன்னுவாரு, இல்ல கல்யாணத்தை விடுன்னுவாரு. என்னால எம் பிள்ளைக்கு ரெண்டுல ஒண்ணு போகப்போகுது.

16 பிப்ரவரி, ஞாயிறு

பொன்மணி சொல்கிறாள்: “கல்யாணம் முடியிற வரைக்கும் உங்க வாயை அந்த டைம் ஆபீஸ்லயே பூட்டி வச்சிட்டு வாங்க.”

என்னால் முடியாது.

18 பிப்ரவரி, செவ்வாய்

லீவு போட்டு ஸ்ரீவில்லிபுத்தூர் போனேன். தாய்மாமனிடம் போகிறதற்கு முன் பையனின் அம்மாவிடம் சொல்லிவிடலாம் என்று. கோர்ட் வாசல் வரை போனேன். அங்கே கறுப்புக் கோட்டுகளைப் பார்த்ததும் நானே குற்றவாளிக் கூண்டில் ஏறப்போகிற மாதிரி இருந்தது. பால்கோவா அரைக்கிலோ வாங்கிக்கொண்டு அடுத்த வண்டியில் திரும்பிவிட்டேன்.

பொன்மணி பால்கோவாவைச் சாப்பிட்டுக்கொண்டே சிரித்தாள்.

21 பிப்ரவரி, வெள்ளி

சொல்லிவிட்டேன். கோர்ட் சாப்பாட்டு நேரத்தில், வேப்பமரத்தடியில். அழகுத்தாய் சாப்பாட்டுச் சம்புடத்தைத் திறந்து வைத்துக்கொண்டு, நான் சொன்னதை முழுவதும் கேட்டார். நான் இரண்டு ஊரின் மணியையும் விளக்க ஆரம்பித்தபோது, “எனக்குத் தெரியும்ணே” என்றார்.

“எப்ப தெரியும்?”

“நீங்க சொன்ன அன்னைக்கே. எம் பிள்ளை சாப்பிட்டானான்னு கேக்க தினமும் ஒன்றரை மணி நேரம் கூட்டிக் கணக்குப் போடுதேன். சிங்கப்பூர்க்கு ரெண்டரைன்னு மதினி சொல்லியிருக்காவ. ரெண்டும் ஒண்ணில்லைன்னு எனக்குத் தெரியாதா?”

“பொறவு ஏன் சொல்லல, தங்கச்சி?”

தயிர்ச்சோற்றைப் பிசைந்துகொண்டே சொன்னார்.

“அவரு போனப்ப எனக்கு இந்த வேலை மட்டும் இல்லைன்னா வினோத்தை நான் எப்படிண்ணே வளத்திருப்பேன்? அண்ணன் நல்லவரு. ஆனா எனக்குமே அன்னைக்கு, வேலை எதுக்கு, தோப்புல வந்து இருன்னுதான் சொன்னாரு. வீட்டுக்கு வார பொண்ணுகிட்ட வேலையை விடுன்னு எம் வாயால வராது. அவருகிட்ட மல்லுக்கு நிக்கவும் தெம்பில்ல. நீங்களா வந்து அம்பது நிமிஷம்னீய. நான் எதுக்குத் திருத்தப்போறேன்?”

அந்த அம்மாள் மேல் அவ்வளவு மரியாதை வந்தது. கல்யாணத்துக்குப் பொறவு அண்ணனிடம் தானே சொல்லிக்கொள்வதாகச் சொல்லி, ஊறுகாயையும் என் பக்கம் தள்ளினார். நான் வாயைத் திறக்கக்கூடாதாம்.

பொன்மணி சொன்னதையே இவரும் சொல்கிறார். பெண்கள் எல்லாம் ஒரே கட்சி.

9 மார்ச், ஞாயிறு

கல்யாண வேலையாக சோழபுரம் போனேன். தோப்பில் கருத்தப்பாண்டி அண்ணாச்சி இளநீர் வெட்டிக் கொடுத்து, தேங்காய் உரிக்கிற ஆட்களிடம் என்னை அறிமுகப்படுத்தினார். “இவியதான் டயம்காரரு. அம்பது நிமிஷத்துல நாடு விட்டு நாடு. இவிய சொன்னா கடிகாரம் சொன்ன மாதிரி.”

உண்மையைச் சொல்லிவிடலாம் என்று வாயெடுத்தேன். அதற்குள் இன்னொரு இளநீரைக் கையில் கொடுத்துவிட்டார்.

அவரும் பாஸ்போர்ட் எடுக்கப் போகிறாராம். “நாமளும் ஒருக்கா அந்த பிளேன்ல போயிட்டு வருவோம் தம்பி” என்கிறார். வினை தானாக வண்டி பிடித்து வருகிறது.

28 ஜூலை, திங்கள்

ஆடிப்பூரத் தேர். ஸ்பெஷல் வண்டிகள். எந்த வண்டி எப்போது வந்தது என்று கேட்காதே. கால் வலிக்கிறது.

29 ஆகஸ்ட், வெள்ளி

கல்யாணம் நல்லபடி முடிந்தது. முகூர்த்தம் சொன்ன நிமிடத்தில் தாலி ஏறியது. ஐயர் என்னைப் பார்த்துப் பார்த்துத்தான் மந்திரத்தை வேகப்படுத்தினார்.

தாய்மாமன் சீர் எடுத்து வந்தபோது கருத்தப்பாண்டி அண்ணாச்சி அழுதார். அதைப் பார்த்து நானும் அழுதேன். வல்லரசு ஒரு சுவர்க் கடிகாரம் பரிசு கொடுத்தான். ஐந்து நிமிடம் பின்னால் ஓடுகிறது. வேண்டுமென்றேதான்.

7 செப்டம்பர், ஞாயிறு

செல்வி சிங்கப்பூருக்கு, வினோத் ஜகார்த்தாவுக்கு. அழகுத்தாய் இன்னும் அண்ணனிடம் சொல்லவில்லை. “செத்த நேரம் பொறுங்கண்ணே” என்கிறார். ஏழு மாதமாகிறது, இது எந்த ஊர்ச் செத்த நேரம்?

31 அக்டோபர், வெள்ளி

ஓய்வு. மாலை போட்டார்கள். வல்லரசு இன்று சரியான நேரத்துக்கு வண்டியைக் கொண்டுவந்து என் மேஜைக்கு முன்னால் நிறுத்தினான். “உங்களுக்காகத்தாண்ணே” என்றான். இத்தனை நாளும் முடிந்திருக்கும் என்பதுதானே இதற்கு அர்த்தம்? திட்ட நினைத்தேன். கையெழுத்தை மட்டும் வாங்கிக்கொண்டேன்.

9 டிசம்பர், செவ்வாய் – சிங்கப்பூர்

மதுரையில் ஏறி, நான்கு பேரும் வந்து சேர்ந்தோம். நான், பொன்மணி, அழகுத்தாய், கருத்தப்பாண்டி அண்ணாச்சி. அவர் பிளேனில் வேட்டி மடித்துக் கட்டக்கூடாது என்று யாரோ சொல்ல, வழியெல்லாம் அதே கவலை.

இறங்கியதும் கைக்கடிகாரத்தைக் கழற்றி என்னிடம் நீட்டினார். “தம்பி, நீதான் டயம்காரன். இந்த ஊர் நேரத்துக்குத் திருப்பிக் குடு. வெள்ளிக்கிழமை ஜகார்த்தா பிளேன்ல அந்த அம்பது நிமிஷத்தை எங் கண்ணால பாக்கணும்.”

சரியாகவே திருப்பி வைத்துக் கொடுத்தேன். தப்பான நேரம் வைக்க என் விரல் வளையாது. அழகுத்தாய் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டார்.

12 டிசம்பர், வெள்ளி – ஜகார்த்தா

செல்வி காலை டியூட்டியை முடித்து ஓடி வந்து எங்களோடு ஏறிக்கொண்டாள். பெல்ட்டைப் போட்டதும் மாமியார் தோளில் சாய்ந்து தூங்கிவிட்டாள். மாதத்தில் இரண்டு தடவையாவது இப்படித்தானாம்.

நாலு ஐந்துக்கு எடுத்தான். கருத்தப்பாண்டி அண்ணாச்சி சன்னல் பக்கம் திரும்பவே இல்லை. கடிகாரத்தைப் பார்ப்பார், தூங்குகிற செல்வியைப் பார்ப்பார், மறுபடியும் கடிகாரம். நாலு ஐம்பத்தைந்து ஆனது. கீழே கடல்தான் தெரிந்தது. ஐந்து ஆனது. ஐந்தரை. பொன்மணி என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

சக்கரம் தரையைத் தொட்டபோது அவர் கடிகாரத்தில் ஐந்து ஐம்பத்தைந்து. செல்வி விழித்துப் போனை ஆன் செய்தாள். அதில் நாலு ஐம்பத்தைந்து. இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தார்.

பாஸ்போர்ட் வரிசையில் நிற்கும்போதுதான் கேட்டார். “இந்த ஊரும் அந்த ஊரும் ஒரே மணி இல்லையோ?”

“இல்ல அண்ணாச்சி.”

“எப்பமிருந்து தெரியும்?”

“பாக்கு வெத்தலை மாத்துனப்ப எனக்கும் தெரியாது. மாசி மாசம் தெரிஞ்சது.”

“அழகுத்தாய்க்கு?”

நான் பதில் சொல்வதற்குள் அந்த அம்மாளே சொன்னார். “மொதல்லருந்தே தெரியும்ணே. நாந்தான் இவியளைச் சொல்லக்கூடாதுன்னு தடுத்தேன்.”

அவர் தங்கையையே பார்த்துக்கொண்டு நின்றார். பின்னால் நின்ற ஆள் தள்ளிய பிறகுதான் நகர்ந்தார்.

வெளியே வினோத் நின்றிருந்தான். கையில் பெரிய தூக்குச்சட்டி. மாமா வெளிச்சாப்பாடு சாப்பிட மாட்டார் என்று அவனே புளியோதரை கிளறிக் கொண்டுவந்திருக்கிறான். செல்வி ஓடிப்போய் மூடியைத் திறந்து ஒரு வாய் அள்ளிப் போட்டுக்கொண்டு, “இந்தத் தடவ உப்பு சரியா இருக்கு” என்றாள். அவன் முகத்தைப் பார்க்க வேண்டுமே. அவளுக்கு இன்னொரு வாய் ஊட்டிவிட்டு, அதே கையால் அவனும் ஒரு வாய் போட்டுக்கொண்டான். சுற்றி ஊரே நிற்கிற நினைப்பு இரண்டு பேருக்கும் இல்லை.

“ஏலே, உனக்குச் சோறு பொங்கத் தெரியுமா?” என்று கேட்டார் கருத்தப்பாண்டி அண்ணாச்சி.

“இவ வார அன்னைக்கு நாந்தான் மாமா. நான் அங்க போற அன்னைக்கு இவ.”

“மத்த நாளு சோறு இறங்குதா?”

வினோத் அம்மாவை ஒரு தடவை பார்த்துவிட்டு, “இறங்குது மாமா. இவ வாரான்னு நினைச்சுக்கிட்டே இறங்கிரும்” என்றான்.

அவர் ஒரு கைப்பிடி புளியோதரை வாங்கி, நின்றபடியே சாப்பிட்டு முடித்தார். வேட்டி ஓரத்தில் கையைத் துடைத்துக்கொண்டார். பிறகு கடிகாரத்தைக் கழற்றினார். என்னிடம் கொடுப்பார் என்று கையை நீட்டினேன். கொடுக்கவில்லை. சுவரில் தொங்கிய அந்த ஊர்க் கடிகாரத்தைப் பார்த்து, அவரே திருகி ஒரு மணி நேரத்தைப் பின்னுக்குத் தள்ளினார்.

“பக்கத்து ஊருதான்” என்று தங்கையிடம் சொன்னார். அழகுத்தாய் முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டார். அண்ணாச்சி அப்புறம் என் பக்கம் திரும்பினார். “என்ன தம்பி பாத்துக்கிட்டு நிக்க? நீதான டயம் கீப்பரு. எழுதிக்கோ.”

எழுதுகிறேன்.

சிங்கப்பூர் – ஜகார்த்தா. புறப்பாடு 4.05. வருகை 4.55. தாமதம் இல்லை.